அம்மா ஏன் வயல் படத்த பாத்து "எங்க தோட்டம்"னு சொன்னாங்க?

தங்கச்சி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். இங்க மலேசியாவுல நெல்லு வெளையுற செகிஞ்சான் பக்கம் போயிருந்தப்போ வரப்பு மேல நின்னு கைப்பேசியில ஒரு வயல் படம் எடுத்தீங்க, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட காட்டுனீங்க, அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம பாத்துட்டு "எங்க தோட்டம் மாதிரியே இருக்கு"ன்னு சொல்லி கண்ண தொடச்சிக்கிட்டாங்க. அம்மா வளந்தது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ரப்பர் தோட்டத்துல, அங்க நெல்லே கெடையாது, அப்புறம் எப்படி அந்த வயல் அவங்க தோட்டம் ஆச்சு, ஷா ஆலாம்ல பிளாட்டுல பொறந்த எனக்கும் அத பாத்தா ஏன் நெஞ்சு கனக்குதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்துல ஒரு போட்டோ ஸ்டூடியோவுல 1973-லேர்ந்து முப்பது வருசத்துக்கு மேல வேல செஞ்சவன். எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. சுத்துவட்டாரத்துல இருந்த தோட்டத்து சனங்க பாதிப் பேரோட மொகத்த நான் இருட்டறையில சிவப்பு லைட்டுல தண்ணிக்குள்ள மெதுவா தெரிஞ்சு வர்றத பாத்திருக்கேன். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மொதல்ல, அம்மா தப்பா சொல்லல. ரப்பர் காட்டுக்குள்ள வாழ்ந்தவங்களுக்கு தூரம்னு ஒண்ணு கண்ணுக்கு தெரியாது. நிரை நிரையா மரம், மேல எல தழச்சு மூடியிருக்கும், நாலஞ்சு நிரைக்கு அப்பால பாத்தா எல்லாம் ஒரே இருட்டு. அதுவும் விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போயி தலையில வெளக்கு கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடணும், ஏன்னா குளுந்த நேரத்துலதான் பால் நல்லா எறங்கும், வெயில் ஏற ஏற கொறஞ்சிடும். ஆக நிழல்னாலே தோட்டத்து சனத்துக்கு வேல. வெளிச்சம்னா வேல முடிஞ்ச நேரம். இத நான் ரொம்ப நாள் யோசிச்சு பாத்திருக்கேன், எங்க அம்மா கடைசி காலத்துல எங்கயாவது கார்ல போறப்போ வெட்டவெளி வந்தா கண்ணாடிய எறக்கச் சொல்லுவாங்க, காட்டுப் பாதையில போனா கண்ண மூடிக்குவாங்க.

இப்ப அந்தப் பச்சைக்கு வருவோம். ரப்பர் மரம் சாகுற வரைக்கும் நிக்கிறது இல்ல, இருபத்தஞ்சு முப்பது வருசத்துல பால் கொறஞ்சிடும், அப்புறம் அந்த பீல்டு முழுக்க வெட்டி சாச்சிட்டு மறுநடவு பண்ணுவாங்க. அது வரைக்கும் இருட்டா இருந்த எடம் திடீர்னு ஒரு நாள் வானத்தோட திறந்துக்கும். அப்புறம் மண்ணு மழையில கரஞ்சு போகாம இருக்கவும் லாலாங் புல்லு ஏறாம இருக்கவும் அவரை இனத்து கொடிய விதச்சு விடுவாங்க, அது மண்ணுக்கு தழைச்சத்தும் குடுக்கும். அந்தக் கொடி கொஞ்ச மாசத்துலயே மேடு பள்ளம் எல்லாத்தையும் மூடி ஒரே பச்சையா, கம்பளம் விரிச்ச மாதிரி கெடக்கும், நடுவுல நட்ட கன்னுங்க இடுப்பு ஒசரம் கூட இருக்காது. காத்தடிச்சா மொத்தமும் அலை அலையா போகும். கன்னு வளந்து நிழல் கட்டுறதுக்கு சில வருசம் ஆகும், பால் வெட்ட உளி வைக்கவே அஞ்சாறு வருசம் ஆகும். அந்த இடப்பட்ட வருசங்கள்ல அது தோட்டத்து புள்ளைங்களோட எடம். அங்கதான் மாடு மேய்ச்சோம், பட்டம் விட்டோம். பாம்பு இருக்கும்னு பெரியவங்க திட்டுவாங்க, அப்பவும் போவோம். உங்க அம்மாவோட சின்ன வயசுல அவங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, பக்கத்துல அப்படி ஒரு மறுநடவு பீல்டு இருந்திருக்கணும்னு நான் நெனைக்கிறேன், கேட்டுப் பாருங்க. நீங்க அனுப்புன விவரத்துல நடவு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகாத நெல்லுன்னு தெரியுது, அந்தப் பருவத்து பச்சையும் அந்தக் கொடியோட எளம் பச்சையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க அம்மா கண்ணு நெல்ல பாக்கல, அந்த வெளிய பாத்திருக்கு.

எலையுதிர் காலமும் அப்படித்தான், பிப்ரவரி மார்ச் வாக்குல ரப்பர் எல பழுத்து செவந்து கொட்டும், அந்த ஒரு சில வாரம் காட்டுக்குள்ள வெயில் எறங்கும், காலடியில சரசரன்னு சத்தம். அந்த சமயத்துல பால் கம்மி, சம்பளமும் கம்மி. ஆனா புள்ளைங்களுக்கு அது தெரியாது.

இன்னொரு காரணம் இருக்கு, நான் சொல்ல வந்ததே அதுதான். நம்மகிட்ட நம்ம எடத்தோட படமே இல்ல.

நாட்டுல ஐசின்னு சொல்ற அடையாள கார்டு வந்தது 1948-ல, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரா அவசரகாலம் ஆரம்பிச்ச வருசம், பன்னெண்டு வயசுக்கு மேல எல்லாரும் பதியணும், போட்டோ ஒட்டணும். தோட்டத்துல நிறைய கெழவன் கெழவிக்கு வாழ்க்கையில எடுத்த மொதல் படமே அந்த ஐசி படம்தான், சில பேருக்கு கடைசிப் படமும் அதுதான். நான் ஸ்டூடியோவுல சேந்தப்போ வாரத்துக்கு ஒருத்தராவது செத்தவங்களோட ஐசிய எடுத்துக்கிட்டு வருவாங்க, "பெருசு பண்ணிக் குடுங்கண்ணே, மாலை போடணும்"னு. கட்டை விரல் அளவு மொகம், அத பெருசு பண்ணுனா கண்ணு எல்லாம் கலங்கிப் போயிரும், கடை மொதலாளி, தௌக்கேன்னு சொல்லுவோம், பென்சில வச்சு கண்ணையும் புருவத்தையும் திருத்துவாரு, அவ்வளவு பொறுமை. எங்க அம்மா படம் இன்னிக்கும் எங்க வீட்டு சாமி ரூம்ல தொங்குறது அப்படி திருத்துனதுதான். அந்த மொகத்துக்கு பின்னால ஒண்ணும் கெடையாது, வெறும் சாம்பல் நெறம்.

மத்தபடி ஸ்டூடியோவுக்கு சனங்க வந்தது சம்பளம் போட்ட மறு ஞாயித்துக்கெழம, இல்லன்னா தீபாவளி, கல்யாணம். குளிச்சு, பவுடர் போட்டு, இருக்குறதுலேயே நல்ல சேல கட்டி, சப்பாத்து போட்டு பஸ்ல வருவாங்க. எங்ககிட்ட பின்னால தொங்குற திரை மூணு இருந்துச்சு. ஒண்ணு மாடிப்படி, ஒண்ணு வெறும் நீலம், இன்னொண்ணு வரஞ்ச இயற்கை காட்சி. தூரத்துல மல, நடுவுல ஆறு, ரெண்டு பக்கமும் பச்ச வயலு, ஓரத்துல ரெண்டு தென்னமரம். தோட்டத்து சனங்க பத்துக்கு எட்டு பேர் கேட்டது அந்த வயல் திரையத்தான். காலையில வரைக்கும் காட்டுக்குள்ள நின்ன சனம், பஸ் காசு குடுத்து பட்டணத்துக்கு வந்து, துணியில வரஞ்ச வயலுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்துக்கிட்டு போச்சு. அப்ப எனக்கு அது ஒண்ணும் தோணல. இப்ப நெனச்சா, அவங்க தாத்தா பாட்டி விட்டுட்டு வந்த ஊரு அந்தத் துணியில இருந்திருக்கு. வயல்காட்டுலேர்ந்து ஆள் சேக்குற கங்காணி கூட்டிட்டு வந்த சனம்தானே நம்ம, வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூருன்னு. இந்தியா அரசாங்கம் 1938-ல தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புறத நிறுத்துற வரைக்கும் கப்பல் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஊர்ல வயல பாத்தவங்க புள்ளைக்கு சொன்னாங்க, அந்தப் புள்ள ரப்பர் காட்டுல நின்னு வயல கற்பனை பண்ணுச்சு. உங்க அம்மா ரப்பர் தோட்டத்த சொன்னாங்க, நீங்க பிளாட்டுல இருந்து அத கற்பனை பண்ணுனீங்க. "நீ அங்க வாழவே இல்ல, ஒனக்கு என்ன ஏக்கம்"னு யாராவது கேட்டா கண்டுக்காதீங்க. பாக்காத எடத்த கேட்டு கேட்டு மனசுல கட்டி வச்சவங்களுக்குத்தான் ஏக்கம் ஜாஸ்தி, ஏன்னா போயி பாத்து தீத்துக்கிற வழி அவங்களுக்கு இல்ல.

லயத்த யாரும் படம் எடுக்கல. ரீல் வெல அப்படி, பெட்டி கேமராவுல போடுற பெரிய ரீல்ல எட்டோ பன்னெண்டோ படம்தான் வரும், அதப்போயி ஓட்ட தகரத்தையும் பொது தண்ணிக் கொழாயையும் எடுக்க யாருக்கு மனசு வரும். படம்னா நல்லது மட்டும்தான்னு ஒரு எண்ணம். நானே கையில கேமராவ வச்சிக்கிட்டு எத்தன கல்யாணத்துக்கு எத்தன தோட்டத்துக்கு போயிருக்கேன், நான் பொறந்த லயத்த ஒரு தடவ கூட எடுக்கல. கம்பெனி தோட்டத்த வித்தப்போ எல்லாரையும் காலி பண்ணச் சொன்னாங்க, ரெண்டு மாசம் கழிச்சு நான் போனப்போ சிமெண்டு படி மட்டும் வரிசையா நின்னுச்சு, வீடு இல்லாம. அன்னிக்கு கூட கேமரா மோட்டார் பெட்டியில இருந்துச்சு. எடுக்கத் தோணல, அழுகையா வந்துச்சு.

இருக்குற கலர் படமும் நம்மள ஏமாத்திருச்சு. உங்க அம்மா ஆல்பத்துல 70-கள்ல எடுத்த கலர் படம் இருந்தா எடுத்துப் பாருங்க, எல்லாம் செவந்து, ஆரஞ்சாட்டம் ஆகியிருக்கும். வெயில் பட்டு அப்படி ஆச்சுன்னு நெனப்போம், இல்ல. கலர் படத்துல மூணு சாயம் இருக்கு, மஞ்சள், மெஜந்தா, அப்புறம் சயான்னு சொல்ற பச்சை கலந்த நீலம். அந்தக் காலத்து பேப்பர்ல அந்த நீலச் சாயம் பீரோவுக்குள்ள இருட்டுல வச்சாலே தானா அழிஞ்சிடும், நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரத்துக்கும் இன்னும் சீக்கிரம். புல்லு, எல, மரம்னு பச்சையா தெரியுற எல்லாத்துக்கும் அந்த நீலமும் மஞ்சளும் சேரணும். நீலம் போனா பச்சை போச்சு. மொகம், சேல, குங்குமம் எல்லாம் ஓரளவு நிக்கும், பின்னாடி இருந்த தோட்டம் மட்டும் தீஞ்ச நெறத்துக்கு போயிரும். கறுப்பு வெள்ளை படம் தேவல, அது வெள்ளியில நிக்கிறது, மருந்த நல்லா கழுவியிருந்தா நூறு வருசம் தாங்கும். ஆக உங்க அம்மா இத்தன வருசமா தன் எளம வயச செவப்பாத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. நீங்க கைப்பேசிய நீட்டுனப்போ ரொம்ப காலத்துக்கு அப்புறம் அந்தப் பச்சை திரும்பி வந்திருக்கு. எனக்கு இத எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அம்மா அழுததனால அந்த வாழ்க்க திரும்ப வேணும்னு அவங்க நெனைக்கிறதா எடுத்துக்காதீங்க. பழசெல்லாம் பொற்காலம்னு பேசுறவங்கள எனக்குப் பிடிக்காது. மழ பேஞ்சா வெட்டு கெடையாது, வெட்டு இல்லன்னா அந்த நாள் சம்பளம் கெடையாது. அட்டை, கொசு, காண்டா கம்புல பால் வாளி தூக்கித் தூக்கி தோள்ல காய்ப்பு, கைப்புள்ளைய விடிகாலையில ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ஓடுன தாய்மாருங்க. எங்க அக்கா ஆறாம் வகுப்போட நின்னு அம்மாவுக்கு ஒட்டுப்பால், அதான் மரத்துல காஞ்சு ஒட்டிக்கிட்ட பால், பொறுக்க போனவங்க, படிப்புல என்ன விட கெட்டிக்காரி. அறுபது எழுபது வருசம் ஒழச்ச மண்ணுல ஒரு சாண் நம்ம பேர்ல இல்ல. தோட்டத்த துண்டு போட்டு விக்க ஆரம்பிச்ச காலத்துல இந்தியர் தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, பத்து வெள்ளி பத்து வெள்ளியா (வெள்ளின்னா இந்த நாட்டு காசு) தோட்டத் தொழிலாளிகிட்ட சேத்து தோட்டம் வாங்குனாரு, அது பெரிய காரியம், ஆனா எல்லா தோட்டத்துக்கும் அது எட்டல. அதனால இந்த ஏக்கத்துல ஒரு தனி வலி இருக்கு. ஊர்ல நெலம் வச்சிருந்தவன் ஏங்குறது வேற, நமக்கு சொந்தமே இல்லாத எடத்துக்கு ஏங்குறது வேற. போயி நின்னு "இது எங்க எடம்"னு சொல்றதுக்கு பத்திரமும் இல்ல, படமும் இல்ல.

அம்மாவ ஒரு நாள் அங்க கூட்டிட்டு போகலாமான்னும் கேட்டிருந்தீங்க. போங்க, ஆனா தயாரா போங்க. ஊரு பேரே இப்ப பெஸ்தாரி ஜெயா, 2007-ல மாத்திட்டாங்க. நம்ம பக்கத்துலதான், தென்னமரம் தோட்டத்துல, 1917-ல ஒரு பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்குன்னு செம்பனைய, அதான் எண்ணெய்ப் பனைய, இந்த நாட்டுலயே மொத தடவையா நட்டாரு. அப்புறம் ரப்பர் வெல விழ விழ 60-கள்லேர்ந்து ஒவ்வொரு தோட்டமா செம்பனைக்கு மாறி, 90 வாக்குல நாடு முழுக்க ரப்பர் பரப்ப செம்பனை தாண்டிடுச்சு. அம்மா காலத்து மரம் எப்படியும் இருக்காது, ரப்பராவே விட்டிருந்தாலும் அவங்க போனதுக்கு அப்புறம் ஒரு தடவையாவது சாச்சு நட்டிருப்பாங்க. கோயில் இருந்தா நல்லது. பள்ளிக்கூடத்த தேடுங்க, நிறைய தமிழ்ப்பள்ளி தோட்டத்துலேர்ந்து பட்டணத்து பக்கம் வந்துருச்சு, ஆனா பழைய தோட்டத்து பேர விடாம வச்சிருக்கு. தோட்டமே இல்லாத எடத்துல அந்தப் பேரு போர்டுல நிக்கிறத பாத்து அம்மா சந்தோசப்படுவாங்க. போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த்து டைம்லாப்ஸ போட்டு காட்டுங்க, 1984-லேர்ந்து வருசா வருசம் வானத்துலேர்ந்து எடுத்த படம் ஓடும், லயம் எல்லாம் தெரியாது, ஆனா எந்த எடம் எப்போ வெட்டவெளி ஆச்சு எப்போ திரும்ப பச்சை ஆச்சுன்னு பொதுவா தெரியும். ஒரு மைல ஒரு இஞ்சா காட்டுற பழைய வரைபடம் கெடச்சா இன்னும் நல்லது, அதுல தோட்டத்து பேரு, ரப்பர் காடு, மண் ரோடு எல்லாம் போட்டிருப்பாங்க. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல கேட்டுப் பாக்கலாம்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி வீட்டுல ஒரு வேல இருக்கு. அம்மாகிட்ட, மாமா பெரியம்மா யாராவது இருந்தா அவங்ககிட்ட, பழைய நெகட்டிவ் இருக்கான்னு கேளுங்க. படம் இல்ல, நெகட்டிவ். ஸ்டூடியோக்காரனா இத சொல்றேன். 80-கள்ல சின்ன கேமரா எல்லார் கைக்கும் வந்துச்சு, முப்பத்தாறு படம் ரீலு. கல்யாணம், காது குத்து, தீமிதி எடுப்பாங்க, முப்பத்து மூணோட விசேசம் முடிஞ்சிடும். ரீல் முடியாம கழுவக் குடுக்க மனசு வராது. உடனே வாசல்ல நின்னு மிச்சத்த எதையாவது பாத்து தட்டி விடுவாங்க, நாய், மோட்டார், கொடியில காயிற துணி, எதுத்தாப்புல இருக்குற மரம், ரோடு, வானம். ஸ்டூடியோவுக்கு கொண்டாந்து குடுக்குறப்போ சொல்லுவாங்க, "கடைசி மூணு நாலு சும்மா எடுத்தது, அத பிரிண்டு போட வேணாம், காசு வேஸ்ட்டு." நானும் போட மாட்டேன். நூத்துக்கணக்குல அப்படி விட்டிருக்கேன். தோட்டம்னு ஒண்ணு படத்துல இருக்குன்னா அது அந்த மிச்ச ரீல்லதான் இருக்கு, யாரும் பிரிண்டு போட்டு பாக்காம.

பிஸ்கட் டின்னு, பழைய கைப்பை, சாமி ரூம் பரண், ஸ்டூடியோ கவர், எல்லாம் தேடுங்க. புளிச்ச காடி வாசம் அடிச்சா அந்த பிலிமு கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அத மொதல்ல காப்பி எடுங்க. விரல் படாம ஓரத்த புடிங்க. பசை ஒட்டுற ஆல்பத்துலேர்ந்து படத்த பிச்சு எடுக்காதீங்க, வரலன்னா அப்படியே பக்கத்தோட ஸ்கேன் பண்ணுங்க. செவந்து போன படத்தையும் தூக்கிப் போடாதீங்க, கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைய ஓரளவு மீட்டுக்கலாம். படத்துக்கு பின்னால எழுதுறதா இருந்தா பால்பாயிண்டு வேணாம், மிருதுவான பென்சில்ல பேரு, லயம், வருசம், அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்க. மொகத்துக்கு பேரு எழுதுறப்போ பின்னால தெரியுறதுக்கும் எழுதுங்க, "இது ரெண்டாம் லயத்து முக்கு", "இது மறுநடவு பீல்டு"ன்னு. அத யாரும் எழுதி நான் பாத்ததே இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க அக்கா வீட்டுல, அவங்க பெரிய பையன் காது குத்து ரீலு ஒண்ணு கெடச்சிச்சு. கடைசி துண்டுல முப்பத்தஞ்சாவது படம் எங்க லயத்து வாசல், கொடியில அம்மாவோட வெட்டு சட்டை காயிது. முப்பத்தாறு, பாதி வெளிச்சம் பட்டு வெளுத்துப் போச்சு, மீதி பாதியில லயத்துக்கு பின்னால இருந்த சரிவு முழுக்க கொடி படந்து கெடக்கு, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, ஓரத்துல யாரோ ஒரு பொம்பள புள்ள மொதுகு காட்டி நிக்கிது, பாவாட காத்துல பறக்குது. யாருன்னு அக்காவுக்கும் தெரியல. கைப்பேசி திரைய வெள்ளையா வச்சு அது மேல நெகட்டிவ போட்டு இன்னொரு போன்ல படம் எடுத்து நெறத்த திருப்புனா போதும், நான் அப்படித்தான் பாத்தேன். கெடச்சா நீங்களும் கடைசி துண்டுலேர்ந்து ஆரம்பிங்க, பக்கத்துல அம்மாவ ஒக்கார வச்சிக்கிட்டு.